சோணைமுத்து தேடும் ஆள்

ஊதுபத்தியைத் திரியில் வைத்துவிட்டு சோணைமுத்து ஓடமாட்டார். நடப்பார். ஏழு எண்ணி முடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் வெடிக்க வேண்டும். ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக இதுதான் அவர் வேலை: ஒரு லாட்டுக்கு, அதாவது ஒரே தடவையில் செய்த சரக்குக்கு, இருபது வெடியை எடுத்து வெடித்துப் பார்ப்பது.

வெடிக்காததை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிரிப்பார். மருந்து நமுத்திருக்கும், அல்லது பசை கூடியிருக்கும். "காரணம் இல்லாமப் புஸ்ஸாகுமாலே? ஆளு இருக்கும், தேடணும்" என்பார். வீட்டிலும் இதே துப்பறியும் வேலைதான். பால் திரிந்தால் விசாரணை, செருப்பு அறுந்தால் விசாரணை. "எனக்குத் தும்மல் வந்தாக்கூட யாரால வந்துச்சுன்னு கேப்பாக" என்று மனைவி மாரிசெல்வி சிரிப்பார்.

சோணைமுத்துவை மடக்கியவர் ஷைலா டீச்சர். பள்ளியில் இயற்பியல் எடுப்பவர். காலையில் இருவருக்கும் ஒரே பஸ் ஸ்டாப்.

"ரேடியம் அணு தானா உடையும்ணே. ஒண்ணு இப்ப உடையும். அச்சு அசலா அதே மாதிரி இன்னொண்ணு ஆயிரம் வருசம் கழிச்சு உடையும். ஏன் இப்பன்னு கேட்டாக் காரணம் கிடையாது."

"நீங்க சரியாப் பிரிச்சுப் பாத்திருக்க மாட்டீக, டீச்சர்."

"நூறு வருசத்துக்கு மேல பாத்துட்டாக. மொத்தத்துல எம்புட்டு உடையும்னு சொல்லலாம். எதுன்னு சொல்ல முடியாது."

இரண்டு நாள் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஏனோ பிடித்துப்போயிற்று. "யாரும் தப்புப் பண்ணாமலே ஒண்ணு நடக்குது, பாத்தியா!" என்று மாரிசெல்வியிடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

போன சனிக்கிழமை, சீசன் லோடு கிளம்பும் நேரத்தில், இருபதில் மூன்று வெடிக்கவில்லை. பிரித்தார். திரி, மருந்து, பசை எல்லாம் சரியாகவே இருந்தன. அந்த லாட்டு வெடிகளுக்குத் திரி செருகியவள் கம்பெனியில் வேலை செய்யும் மாடத்தி. அவள் பேரில் ஏற்கெனவே இரண்டு புகார். மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். போர்மேன் மாரிக்கண்ணன் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றான்.

"மாடத்தி பேர எழுதிரட்டுமாண்ணே?"

டீச்சர் சொன்னதைக் கேட்பதற்கு முன்பாக இருந்தால் "எழுது" என்றிருப்பார். பட்டாசு ரேடியம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். இதற்கு எங்கோ ஒரு காரணம் இருக்கத்தான் செய்யும். ஆனால் கையில் சிக்காத காரணத்துக்கு ஒருத்தியின் பெயரை ஒட்ட அவருக்கு மனம் வரவில்லை.

"லாட்ட நிப்பாட்டு, தம்பி. காரணம் தெரியல."

"தெரியலையா? நீங்களாண்ணே சொல்றீக? அப்ப யாரு பேர எழுத?"

சோணைமுத்து அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, அவன் சட்டைப் பையிலேயே செருகினார்.