தலைவர் எழுதிக் கொடுத்த பட்டியல்

பிளஸ் டூ மாணவர்களுக்கு வாக்களிக்கப் பழக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. வரலாறு எடுப்பவன் நான் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது. நண்டு, இறால், மடவை மீன் என்று மூன்று சின்னங்கள் வரைந்தேன். ஊருக்கொரு பிஸ்கட் அட்டைப்பெட்டி வைத்தேன். நிலவரைபடத்தைக் குறுக்கே தொங்கவிட்டு மறைவும் செய்தாயிற்று.

ஏரிக்கரைக் குப்பம் ஒன்றிலிருந்து வரும் பிள்ளைகள் பதினொரு பேர். இடைவேளையில் அந்தக் குப்பத்துப் பையன்கள் அடிபம்பு ஓரம் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பெட்டியைத் திறந்தால் நண்டுக்குப் பத்து, மடவைக்கு ஒன்று.

"ஊர் பேசிக்கினுதான் சார் போட்டோம். அந்த ஒண்ணு யாருனு கேளுங்க சார்" என்றான் ஒருவன். நிஜமாகவே கோபமாக இருந்தான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஏரியில் எந்த வலைக்கு எந்த இடம், எந்த நாள் என்பதை அந்தக் குப்பத்தில் ஊர் கூடிச் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். வலைபோட ஒரு பையனுக்குப் பங்கு கிடைத்துவிட்டால் 'பாடு எறங்கிட்டான்' என்பார்கள். அன்றுமுதல் ஊர்க் கூட்டத்தில் அவனுக்கு இடம் உண்டு. ஓட்டையும் அப்படித்தான் ஊர் கூடிப் பேசி ஒரே பக்கம் போடுவார்கள். பிரிந்து போட்டால் ஓர் அதிகாரியும் எட்டிப் பார்க்க மாட்டான் என்பது அவர்கள் கணக்கு. அதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஆனால் நான் வாத்தியார். அரைமணி நேரம் பேசினேன். மறைவுக்குப் பின்னால் நிற்பது நீ மட்டும்தான், அங்கே ஊர் கிடையாது, அப்பா கிடையாது, யாரையும் கேட்டுப் போடாதே என்றேன். நன்றாகப் பேசினோம் என்று எனக்கே ஒரு திருப்தி.

அன்று மாலை அந்தக் குப்பத்துப் பெண் ஒருத்தி நோட்டைக் கொடுக்க வந்தாள். "மடவைக்கு நான்தான் சார்" என்றாள்.

"அதைச் சொல்லக் கூடாதும்மா."

"உங்களாண்ட மட்டும்தான் சார். நெஜ எலக்‌ஷன்ல நான் எப்ப சார் போடலாம்?"

பதினெட்டு முடியட்டும் என்றேன். விரல்விட்டு மாதங்களை எண்ணிக்கொண்டே போனாள்.

அடுத்த ஆண்டு, சட்டமன்றத் தேர்தலுக்குமுன், அதே குப்பத்துக்கு வாக்காளர் பட்டியல் வேலையும் என்னிடமே வந்தது. வீடு வீடாகப் போய், புதிதாகப் பதினெட்டு முடிந்தவர்களுக்குப் படிவம் கொடுக்க வேண்டும். நான் போன நேரம் உச்சி வெயில். மணலில் கால் வைக்க முடியவில்லை. பெண்கள் மீன் விற்கப் போயிருந்தார்கள், பாதி வீடு பூட்டிக் கிடந்தது. நேராக ஊர்த் தலைவரிடம் போனேன். பதினெட்டு ஆன பிள்ளைகள் யார் யார் என்று கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்காமல் காலண்டர் தாளின் பின்பக்கம் ஒன்பது பெயர் எழுதிக் கொடுத்தார். டீயும் வந்தது.

சான்றிதழ்களைப் பார்த்தபோது அந்த ஒன்பதில் இருவருக்குப் பதினேழுகூட ஆகவில்லை. இவர்களை ஏன் எழுதினீர்கள் என்று தலைவரைக் கேட்டேன். "பாடு எறங்கிட்டாங்களே வாத்தியாரே" என்றார். சிரித்துக்கொண்டே இரண்டையும் அடித்துவிட்டு மற்றவற்றை அனுப்பினேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பள்ளியில் என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டியிருந்தாலே போதும்.

வாக்குப்பதிவு அன்று சாவடிக்கு வெளியே, பந்தலின்கீழ் பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன். மடவைக்குப் போட்ட அந்தப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை, அன்று லீவு. தலையில் பூ வைத்து, ஆதார் அட்டையைக் கையிலேயே பிடித்திருந்தாள். அம்மாவின் பெயர் இருந்தது. அவள் பெயரைத் தேடினேன். துணைப் பட்டியலிலும் தேடினேன்.

"ஃபாரம் குடுக்கலயாம்மா?" என்றேன்.

"நைனாவாண்ட கேட்டேன் சார். ஊர்ல எல்லார் பேரும் குட்த்தாச்சுன்னாரு."

அப்போதுதான் அந்த ஒன்பது பெயர்களும் வரிசையாக நினைவுக்கு வந்தன. ஒன்றுகூடப் பெண்பிள்ளையின் பெயர் இல்லை. தலைவர் என்னை ஏமாற்றவில்லை. பதினெட்டு ஆன பிள்ளைகள் என்று நான் கேட்டேன். அவர் கணக்கில் யார் வளர்ந்தவர்களோ அவர்களை எழுதினார். பெண்கள் பாடு இறங்குவதில்லை.

"யார்கிட்ட சார் லிஸ்ட் வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

"தலைவர்கிட்ட."

ஆதார் அட்டையை அம்மாவின் பையில் போட்டாள். பிறகு, "ஊரைக் கேக்காதீங்கனு எங்களுக்குச் சொல்லிட்டு நீங்களே ஊரைத்தான் கேட்டீங்களா சார்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. வரிசையில் நின்றவர்கள் அவரவர் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அம்மா ஓட்டுப் போட்டு வரும்வரை அவள் வேப்பமரத்தடியில் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுவாரம் பழைய பதிவேட்டோடு குப்பத்துக்குப் போனேன். அந்த முறை வீடு வீடாகவே போனேன். விடுபட்ட பெண்கள் ஆறு பேர் தேறினார்கள். கடைசியாக அவள் வீடு. படிவத்தை வாங்கி அவளே எழுதினாள். பெயர், பிறந்த தேதி, நைனா பெயர். முகவரி வந்ததும் பேனாவை எடுத்துவிட்டாள்.

"எந்த ஊர் சார் போடறது?"

சுண்ணாம்புக்குளம் பக்கத்து மாப்பிள்ளை. அடுத்த மாதம் கல்யாணம். இந்த முகவரியில் அவள் ஓட்டுப் போட இனி வாய்ப்பில்லை. இருந்த ஒரே வாய்ப்பு என் ஒரு மதிய வெயிலோடு போய்விட்டது. அங்கே போனதும் இதைக் கொடு, சேர்த்துக்கொள்வார்கள் என்று சொல்லி வேறொரு வெற்றுப் படிவம் தந்தேன். அவள் அதை நாலாக மடித்தாள்.

"அங்க லிஸ்ட் எடுக்கறவரு வீட்டுக்கு வருவாரா சார், இல்ல அவரும் தலைவராண்டதான் போவாரா?"

தெரியாது என்றேன்.