சைடு ஸ்டாண்டும் பலகைத் துண்டும்

பட்டாளத்து மோட்டார் சைக்கிள் என்றால் அதன் சைடு ஸ்டாண்டும் சிப்பாய் மாதிரி, நிறுத்தின இடத்தில் நிற்கும் என்று நம்பினேன். உலக யுத்தம் முடிந்த மறு வருடம், தூத்துக்குடிக் கடற்கரையில், அந்த நம்பிக்கை சாய்ந்தது. என் மேலேதான்.

அப்போது நான் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, புத்தி தாண்டவில்லை. வண்டி டாக்டர் பட்டாளத்து ஏலத்தில் எடுத்தது. எருமைக் கனம். சங்கு குளிக்கிற ஒருவருக்குத் திருக்கை முள் குத்திக் கால் வீங்கிவிட்டது, டாக்டருக்கோ காய்ச்சல். ஊசி மருந்தோடு என்னை அனுப்பினார். பின் ஸ்டாண்டு போட்டு நிறுத்தும் என்று இரண்டு தரம் சொன்னார். அதற்கு வண்டியைத் தூக்க வேண்டுமே! நான் வாழ்நாளில் தூக்கின பெரிய கனம் மருந்து அரைக்கிற கல்வம்.

மருந்துப் பெட்டியை வண்டியின் இடப்பக்கம் கட்டியிருந்தேன். உள்ளே கண்ணாடிக் குப்பிகள். தட்டுப்பாட்டுக் காலம், உடைந்தால் மதுரையிலிருந்து வந்தால்தான் உண்டு. அதுவரை அந்த மனுஷன் வலியில் துடிக்க வேண்டியதுதான்.

கரை மணல் வெயிலில் காய்ந்து, சிமிண்டுத் தரை போலத் தெரிந்தது. ஸ்டாண்டைத் தட்டிவிட்டு, மிடுக்காக இறங்கி, பெட்டியின் வாரை அவிழ்க்கக் குனிந்தேன். வண்டியும் மெதுவாக என்னிடம் குனிந்தது.

முதுகைக் கொடுத்துத் தாங்கினேன். விலகினால் குப்பிகள் போச்சு. நின்றால் நான் போனேன். திருச்செந்தூர் முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். எனக்கு ஏற்கெனவே வழுக்கை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சற்றுத் தள்ளி, வள்ளத்து நிழலில், வெந்நீரில் காலை விட்டபடி நோயாளி. அவர் மனைவி என்னைப் பார்த்து எழுந்து வந்தார். உதவி கேட்டிருக்கலாம். கேட்பேனா? இஞ்சின் ஆறட்டும் என்று நிற்கிறேன் என்றேன்.

"அண்ணாச்சி, வண்டிய நீரு பிடிச்சிருக்கீரா, வண்டி உம்மப் பிடிச்சிருக்கா?"

"ரெண்டும்தான்" என்றேன்.

சிரித்துக்கொண்டே அவரும் தோள் கொடுத்தார். வண்டி நிமிர்ந்தது. ஆனால் புதைந்த ஸ்டாண்டுக்கு அடியில் எதையாவது வைக்க மூன்றாவது ஆள் வேண்டும். கரையில் இருந்த மூன்றாவது ஆள் நோயாளிதான். வீங்கின காலைத் தூக்கிக்கொண்டு, நொண்டி நொண்டி, கையில் ஒரு பலகைத் துண்டோடு வந்து, அதை ஸ்டாண்டுக்கு அடியில் செருகினார்.

"வள்ளத்துக்கே பலகை வச்சுத்தான் முட்டுக் கொடுக்கோம், கம்பவுண்டரே. உம்ம வண்டி மணலுக்கு மாமனா மச்சானா?"

அப்போதுதான் பார்த்தேன். கரை நெடுக வள்ளங்கள் முட்டுக் கம்பில் சாய்ந்து நிற்கின்றன. ஒவ்வொரு கம்புக்கு அடியிலும் ஒரு பலகை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் நான்.

விஷயம் பரவி ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். டாக்டர் எத்தனை தரம் ஏசினாலும் அதற்குப் பிறகும் நான் பின் ஸ்டாண்டைத் தொட்டதே இல்லை; சைடு ஸ்டாண்டில்தான் நிறுத்தினேன், மருந்துப் பெட்டியோடு ஒரு பலகைத் துண்டையும் கட்டிக்கொண்டு. அன்று கடற்கரையில் ஒரு உயிரைக் காப்பாற்றினேன் என்று வீட்டில் இன்றைக்கும் அளந்துகொண்டிருக்கிறேன். நடந்தது இவ்வளவுதான்: நான் வைத்தியம் பார்க்கப் போன மனுஷன் ஒற்றைக் காலில் வந்து என்னைக் காப்பாற்றினார், அப்புறம்தான் நான் அவருக்கு ஊசி போட்டேன்.