வுட்யூ அக்காவின் சத்தம்

சரக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றின் இரண்டாவது மாடி ஆபீசில், ஏசி ஒழுகும் இடத்துக்கு நேர் கீழே ஒரு வாளி வைத்திருப்பார்கள். வாளிக்குப் பக்கத்து மேசைதான் வுட்யூ அக்காவுடையது. அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மற்றபடி வாட்ச்மேனிலிருந்து மானேஜர் வரை எல்லாருக்கும் அவள் வுட்யூ அக்காதான். மானேஜர் அவளைவிடப் பத்து வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார், இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் பேப்பர்களை அனுப்பாமல் இழுத்தடித்தார். சரக்கு துறைமுகத்தில் கிடந்தது. இவள் இங்கிலீஷில் ஒரே வரி எழுதினாள்: செண்ட் த பேப்பர்ஸ் டுடே. இன்றைக்கே அனுப்பு, அவ்வளவுதான். அந்த மனிதர் கொதித்துப்போய் மானேஜருக்குப் போன் போட்டு, ஆபீசில் போலீஸ்காரரை வேலைக்கு வைத்திருக்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். மானேஜர் அவளை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

"இங்கிலீஷ்ல அப்படியெல்லாம் கேக்கக் கூடாதும்மா. குட் யூ, வுட் யூன்னு குழைஞ்சு கேக்கணும். இல்லேன்னா நாளைக்கே வேற கம்பெனி பாத்துட்டுப் போயிடுவான்."

பாத்ரூமுக்குள் போய் அழுது முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ரோஷக்காரி. அன்றிலிருந்து வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் மெயில்களை ஒன்றுவிடாமல் படித்தாள். அவர்கள் எதையும் நேராகக் கேட்பதில்லை என்று கண்டுபிடித்தாள். குட், வுட், மே, மைட் என்று நாலு வார்த்தையை முன்னால் விட்டுவிட்டு, அதற்குப் பின்னால்தான் விஷயம் தலையை நீட்டும். அனுப்பு என்பது, அனுப்பப்படக் கூடுமானால் மிகவும் நன்றாயிருக்கும் என்று ஆகிவிடும். ஒரு வருஷத்துக்குள் மானேஜரின் மெயில்கூட இவள் கை படாமல் வெளியே போகவில்லை. வுட்யூ என்ற பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

இன்னொரு வித்தையும் கைவந்தது. சொன்னால் சிரிப்பீர்கள். கிடங்கில் யாராவது பெட்டியைக் கீழே போட்டு உடைத்துவிட்டால், எங்கள் ஆள் போட்டுவிட்டான் என்று அவள் எழுத மாட்டாள். பெட்டி சேதப்படுத்தப்பட்டுவிட்டது என்பாள். யார் சேதப்படுத்தியது? யாருமில்லை. விஷயம் கவனிக்கப்படுகிறது என்பாள். யார் கவனிக்கிறார்கள்? அதுவும் யாருமில்லை. அப்படிப் பூசி மெழுகியே எத்தனையோ கோபக்காரர்களை அவள் ஆற வைத்திருக்கிறாள்.

வாசலில் செருப்போடு கழற்றிப் போடக்கூடிய பழக்கமா இது? வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கட்டிய புருஷனிடம்கூட, "அந்த உப்பு கொஞ்சம் இந்தப் பக்கம் வர முடியுமா?" என்பாள்.

"உப்புக்குக் கால் முளைச்சிருக்கா மேடம்? எடுடான்னு சொல்லு, எடுத்துத் தரேன்" என்பார் அவர்.

அவர் டவுன் பஸ் டிரைவர். மென்று விழுங்குகிற பேச்சே அவரிடம் கிடையாது. ஹாரனும் வாயும் ஒரே சத்தம். இவளைச் சீண்டுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. "நீ ஸ்டாப்புல நின்னு, ஐயா இந்த பஸ் நிறுத்தப்படலாமான்னு கேட்டுக்கிட்டு இரு. எவன் நிறுத்துவான்? கையை நீட்டி, நிறுத்துன்னு தொண்டை கிழியக் கத்தணும். உன் சத்தத்தைக் கேட்டு ஒரு நாளாவது நான் பிரேக் போடணும்டி."

"சும்மா இருங்களேன், ப்ளீஸ்" என்பாள்.

"பாரு, புருஷனை வாயை மூடச் சொல்றதுக்கும் ப்ளீஸ்!"

குழந்தை குட்டி இல்லாத வீடு. அந்தச் சிரிப்புதான் அதை நிறைத்துக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர், மேல் வயிற்றைப் பிசைகிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று வெந்நீர் கொடுத்தாள். சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்ததும் அவள் தெருவுக்கு ஓடினாள். ஆட்டோ பிடித்து, பக்கத்திலிருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் தன் காலாலேயே நடந்து உள்ளே போய், நாற்காலி வரிசையில் கடைசியாக உட்கார்ந்தார்.

கண்ணாடிக் கவுன்ட்டருக்குப் பின்னால் சின்ன வயதுப் பெண் ஒருத்தி. கண்ணாடியையும் கம்ப்யூட்டரையும் கண்டால் வுட்யூ அக்காவின் வாய் தானாக இங்கிலீஷுக்கு மாறிவிடும். முகத்தில் சிரிப்பும் வந்துவிடும், பாழாய்ப்போன பழக்கம். தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், முடியுமானால் என் கணவர் கொஞ்சம் சீக்கிரமாகப் பார்க்கப்படக் கூடுமா என்று, இலக்கணம் பிசகாமல் கேட்டாள்.

"ஷ்யூர் மேடம். ஹி வில் பி அட்டெண்டட் டு" என்றாள் அந்தப் பெண், அதே அழகோடு. அவர் கவனிக்கப்படுவார்.

வாழ்நாளெல்லாம் அந்த வாக்கியத்தை எழுதி ஊரைச் சமாளித்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியாதா? தெரியும். ஆனால் தன் பாஷையிலேயே பதில் வந்ததும் மனசு நிம்மதியாகிவிட்டது. தேங்க்ஸ் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"என்ன சொன்னா?"

"பாக்கறாங்களாம்."

"யாரு?"

அவள் கவுன்ட்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"கத்துடி" என்றார் அவர். குரல் உள்ளே போயிருந்தது. "ஒரே ஒரு தடவை கத்து."

எழுந்து போனாள். மறுபடி தொந்தரவு செய்வதற்கு வருந்துகிறேன் என்றுதான் ஆரம்பித்தாள். மறுபடி அதே பதில், அதே புன்சிரிப்பு. அந்த நேரம் பார்த்து ஒரு ஆள் தன் அம்மாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவந்தான். கவுன்ட்டரை உள்ளங்கையால் ஓங்கி அடித்தான். "எவன்டா டாக்டர்? வெளிய வாடா!" டாக்டர் ஓடி வந்தார். கிழவியைத் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போனார்கள். என்ன ஜென்மமோ, பேசத் தெரியாத ஜென்மம் என்று வுட்யூ அக்கா முகத்தைச் சுளித்தாள். திரும்பிப் பார்த்தபோது, அவள் புருஷன் நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்துகொண்டிருந்தார்.

அப்புறம் எல்லாரும் ஓடி வந்தார்கள். வந்து என்ன பிரயோஜனம்?

காரியமெல்லாம் முடிந்து, உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். அதன்பிறகு அவள் ஆஸ்பத்திரிக்குப் புகார் எழுதினாள். அதையும் குட், வுட் போட்டுத்தான் எழுதினாள், வேறு விதமாக எழுத அவளுக்கு வரவில்லை. ஒரு வாரத்தில் பதில் வந்தது. உரிய நேரத்தில் சிகிச்சை அளிக்கப்பட இயலாமல் போனதற்கு வருத்தம் தெரிவிக்கப்படுகிறது. விஷயம் கவனத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

தன் கையெழுத்தையே தபாலில் பார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. தலைகீழாகப் புரட்டிப் பார்த்தாலும் அதற்குள் ஒரு மனுஷரும் இல்லை. அவளுக்கு நஷ்டஈடு வேண்டாம், யாருக்கும் தண்டனையும் வேண்டாம். ஒரு ஆள் வேண்டும். நான்தான் கோட்டை விட்டேன் என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல, ஒரே ஒரு ஆள். அது கிடைக்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். கவுன்ட்டரில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இந்தத் தடவை தமிழில் கேட்டாள்.

"அந்த ஞாயித்துக்கிழமை மத்தியானம் இந்த நாற்காலில யாரு இருந்தது? என் வீட்டுக்காரர் இங்கதான் செத்துப்போனார்."

ஒருத்தி சுதாரித்துக்கொண்டு, "மேடம், புகாரெல்லாம் விசாரிக்கப்பட்டு..." என்று ஆரம்பித்தாள். பக்கத்திலிருந்தவள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து நின்றாள். அன்றைக்குப் பார்த்த அதே முகம், சிரிப்பு இல்லாததால்தான் இவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான்தாங்க இருந்தேன். டாக்டர்கிட்ட நான்தான் சொல்லலை."

கிடைத்துவிட்டாள். இத்தனை நாளாய்த் தேடிய ஆள் எதிரே நின்றாள். திட்டுவதற்கென்று மனசுக்குள் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ, வுட்யூ அக்காவுக்கு ஒரு வார்த்தைதான் வந்தது.

"ஏம்மா?"

அந்தப் பெண்ணுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரெண்டு தடவை வந்து கேட்டீங்க. ரெண்டு தடவையும் சிரிச்ச முகமா, அவ்வளவு நிதானமா கேட்டீங்க. உயிருக்குப் போராடுறவங்க வீட்டு ஆளு அப்படிக் கேட்டு நான் பாத்ததே இல்லை. சும்மா செக்கப்புக்கு வந்திருக்கீங்கன்னு நெனைச்சுட்டேன். தப்புதாங்க. நான் எந்திரிச்சு வந்து அவரை ஒரு தடவை பாத்திருக்கணும்."

வுட்யூ அக்கா அந்தக் காலி நாற்காலி வரிசையைப் பார்த்தாள். பொய் சொல்லவில்லை இந்தப் பெண். கத்துடி என்றுதானே அவரும் கெஞ்சினார்? ஆயுசு முழுக்க ஹாரன் அடித்தே வாழ்ந்த மனுஷன், கடைசியில் இவள் வாயை நம்பி உட்கார்ந்திருந்தார்.

"சரிம்மா. போய் வேலையைப் பாரு" என்றாள். ப்ளீஸ் சேர்க்கவில்லை. அதை அவளே கவனிக்கவுமில்லை.

வெளியே வெயில் சுட்டது. ஸ்டாப்பை நெருங்கும்போதே பஸ் கிளம்பிவிட்டது. அவர் ஓட்டின ரூட். கதவு மூடிக்கொண்டது, சக்கரம் உருண்டது. வுட்யூ அக்கா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கையை நீட்டினாள்.

"நிறுத்து! டேய், நிறுத்துடா!"

டீக்கடைக்காரர் கிளாசோடு வெளியே வந்து பார்த்தார். பஸ் கிறீச்சிட்டு நின்றது. கதவு திறந்தது.

"ஏறுங்கம்மா, ஏறுங்க" என்று கண்டக்டர் சிரித்தார். "அடேங்கப்பா! இவ்வளவு சத்தத்தை எங்க வச்சிருந்தீங்க?"

அவள் படியேறினாள். டிரைவருக்கு நேர் பின்னால் இருந்த சீட்டில் போய் உட்கார்ந்தாள். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, வாய்விட்டுக் கதறி அழுதாள்.