சித்தப்பா எத்தனையாவது?

மிதவேகப் பந்துவீச்சாளர்களில் உலகத்திலேயே சிறந்தவர் யார் என்ற வழக்கு, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு முன்கூடத்தில் விசாரணைக்கு வரும். அப்பா செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியார். அம்மாவின் தம்பியான மாமா ஈப்போவில் பள்ளி ஆசிரியர். வாரம் முழுவதும் மேலே இருப்பவர்களுக்குத் தலையாட்டிய இருவருக்கும் எதிர்த்துப் பேசக் கிடைத்த இடம் அது ஒன்றுதான்.

அதிவேகம் முரடர்களின் வேலை, சுழற்பந்து மந்திரவாதிகளின் வேலை, படித்தவனுக்கு உரியது மிதவேகம்தான் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒற்றுமை. அப்பாவின் ஆள் ஒரு பழைய இங்கிலாந்துக்காரர். பந்தின் தையலை நிமிர்த்திப் பிடித்து நாள் முழுவதும் ஒரே இடத்தில் குத்துவாராம். அதனால் எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் தையல்காரர். மாமாவின் ஆள் ஆஸ்திரேலியர். ஓடிவரும் சத்தமே கேட்காதாம். அவர் பூனை. இருவரையுமே இவர்கள் கண்ணால் கண்டதில்லை. சிற்றலை வானொலியின் இரைச்சலுக்குள்ளிருந்து பொறுக்கி எடுத்த ஞானம் அது.

"உங்கட ஆளுக்கு ஈரத் தரை வேணும் அத்தான். காய்ஞ்ச தரையில அவரால என்ன செய்ய ஏலும்?"

"தம்பி, பந்து எங்க விழுதெண்டதுதான் விஷயம். ஈரமும் காய்வும் வெறும் சாட்டு லா."

மாமா குடையை மட்டையாகப் பிடித்து ஆடிக் காட்டுவார். அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இவர்கள் என்னவோ நாட்டை ஆள்வது போல் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள்.

இந்தச் சபையில் வாய் திறக்காத ஒருவரும் உண்டு. அப்பாவின் தம்பி. அந்த வருடம், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, சித்தப்பா தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மூலை நாற்காலியில் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். கேட்டால் தலையசைப்பார், பேச மாட்டார். ஏன் என்று கேட்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

நான் அதைக் கேட்கவில்லை. வேறொன்றைக் கேட்டேன். அலமாரியில் உடுப்புகளுக்கு அடியில் ஒரு படத்தைப் பார்த்திருந்தேன். வெள்ளை உடுப்பு போட்ட சித்தப்பா, கையில் பந்து. ஒரு ஞாயிறு, தையல்காரருக்கும் பூனைக்கும் சண்டை உச்சத்தில் இருந்தபோது, "சித்தப்பாவும் பந்து போட்டவர்தானே? அவர் எத்தனையாவது?" என்றேன்.

அப்பா என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மாமா குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். சித்தப்பா எழுந்து, செருப்பு போடாமல், வெயிலில் இறங்கி நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

துரைமார் காலத்து விளையாட்டு மைதானம் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்தது. அங்கே யாரும் போவதில்லை. லாலாங் புல் என் இடுப்புக்கு மேலே வளர்ந்திருந்தது. நடுவில், முன்பு பாய் விரித்து ஆடிய சிமெந்துத் தரை மட்டும் நீளமாக, வெளுத்துத் தெரிந்தது. சித்தப்பா நேரே அதை நோக்கிப் போனார்.

"பிள்ளை, அந்தப் பக்கம் போ. ஸ்டம்புக்குப் பின்னால நில்."

அவர் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்டம்ப் ஏதும் இல்லை. ஆனாலும் போய் நின்றேன்.

அவர் பதினொரு அடி எண்ணி நடந்து திரும்பினார். பிறகு புல்லைப் பார்த்து ஆட்களை நிறுத்தத் தொடங்கினார். "கண்காணி, இன்னும் கொஞ்சம் பின்னுக்கு. தம்பி, நீ உள்ள வா." மழைக்கு முந்திய புழுக்கம். இலைகூட அசையவில்லை. ஆனால் அவர் கை காட்டிய இடங்களில் மட்டும் லாலாங் மெல்ல விலகி மறுபடி கூடியது. எனக்குப் பயமாக இல்லை. ஆட்டத்தில் ஆள் குறையாமல் இருப்பது நல்லது என்றுதான் பட்டது.

ஓடி வந்தார். கையில் பந்து இல்லை. கோட்டருகில் வந்ததும் நின்றுவிட்டார். திரும்பிப் போய் மறுபடி ஓடி வந்தார், மறுபடி நின்றார். நான்கு தடவை அப்படி.

"ஏன் சித்தப்பா போடல்ல?"

"அவர் இன்னும் ரெடியில்ல."

அதற்குள் அப்பாவும் மாமாவும் புல்லை விலக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்பா சித்தப்பாவின் தோளைத் தொடக் கை நீட்டினார். மாமா வேண்டாமென்று தலையசைத்தார். குடையோடு நடந்து வந்து எனக்கு முன்னால் நின்றார். மாமா எழுதுவது, உண்பது, வீட்டில் ஆடிக் காட்டுவது எல்லாம் வலக்கையால். அன்று இடக்கை ஆட்டக்காரர் போலத் திரும்பி நின்றார்.

"மச்சான், ரெடியா?" என்றார் சித்தப்பா.

சித்தப்பாவை எப்போதும் "அண்ணை" என்று கூப்பிடுகிற மாமா, எனக்குப் பழக்கமில்லாத கனத்த குரலில், "போடு மச்சான்" என்றார். அப்பாவின் முகம் வெளுத்ததைப் பார்த்தேன்.

சித்தப்பா ஓடி வந்தார். இந்த முறை நிற்கவில்லை. வெறுங்கை சுழன்று இறங்கியது. சிமெந்தில் 'டக்' என்றது. குடையில் இன்னொரு சத்தம், கொஞ்சம் மந்தமாக. மாமாவின் கைக்குள் குடை அதிர்ந்தது.

"நல்லா ஆடினாய் மச்சான்" என்று சொல்லிவிட்டு, சித்தப்பா அந்தச் சிமெந்துத் தரையிலேயே உட்கார்ந்து அழுதார். மாமா குடையைப் போட்டுவிட்டுப் போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

அம்மாவுக்கு ஓர் அண்ணனும் இருந்தார் என்பதையே, எனக்குக் கல்யாணமாகிப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். இடக்கை ஆட்டக்காரர். சித்தப்பாவின் உயிர்த் தோழன். நான் பிறப்பதற்கு முன், அதே தரையில், சித்தப்பா போட்ட பந்து பாயின் ஓரத்தில் பட்டு எழும்பி அவருடைய காதின் கீழே அடித்தது. சிரித்துக்கொண்டே எழுந்து தண்ணீர் குடித்தாராம். மறுநாள் காலை எழும்பவில்லை. ஞாயிறு தோறும் அப்பாவும் மாமாவும் தூர தேசத்துப் பந்துவீச்சாளர்களைப் பற்றியே கத்தியது, அந்த ஒரு பந்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதற்காகத்தான் என்று இப்போது நினைக்கிறேன். மாமா குடையோடு ஆடிய அந்த நாளுக்குப் பிறகு சித்தப்பா கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார். தையல்காரர்தான் சிறந்தவர் என்று ஒருமுறை தீர்ப்பும் சொன்னார். மாமா ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

ஆனால் அந்த மதியம் எனக்கு இதெல்லாம் தெரியாது. குடையில் பட்ட பந்து என் இடப்பக்கமாகப் புல்லுக்குள் போனது. ஆட்டம் முடிந்தால் பந்தை எடுத்துக் கொடுக்க வேண்டும் அல்லவா? நான் லாலாங்குக்குள் புகுந்து தேடத் தொடங்கினேன். சற்று நேரத்தில் அப்பாவும் வந்தார். வெள்ளைக் காற்சட்டையோடு குனிந்து, இரண்டு கைகளாலும் புல்லை விலக்கி விலக்கி, மழை பிடிக்கும் வரை என்னோடு தேடினார். என்ன தேடுகிறாய் என்று கேட்கவே இல்லை. நான் தேடுகிறேன், அதனால் துணைக்கு வந்தார் என்றுதான் எண்ணினேன். அந்தச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.