செம்பஞ்சு பூசிய கால்

குழல்வாய்மொழியின் காலில் கொதிக்கிற கஞ்சி கொட்டியதை முதலில் பார்த்தவள் அவளுடைய நாத்தனார் செண்பகவல்லி. சோறு வடிக்கும்போது பானை சரிந்து, இடது பாதம் முழுக்கக் கஞ்சி வழிந்திருந்தது. குழல்வாய்மொழியோ அது தெரியாமல், "உப்புச் சட்டிய எங்கட்டி வச்ச?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மதினி, காலு! கீழ பாரு மதினி!"

குனிந்து பார்த்தாள். தோல் வெந்து சுருங்கத் தொடங்கியிருந்தது. அதற்குப் பிறகுதான் "ஐயோ, அம்மா" என்று கத்தினாள். வலித்துக் கத்தவில்லை. வலிக்காதது தெரிந்துவிடக் கூடாதே என்று கத்தினாள்.

இலத்தூரில் நிலபுலன் உள்ள வீட்டில் பிறந்து, தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்த தில்லைநாயகத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் அவள். கணுக்காலுக்கு மேலே வெளுத்த படை ஒன்று இருப்பதை வெகுநாளாகச் சேலைக் கரையால் மூடிவைத்திருந்தாள். கிள்ளினால் தெரியாது. பெருவிரலுக்கு அடியில், உள்ளங்காலில், கடலை அளவுக்கு ஒரு குழி விழுந்திருந்தது. அதுவும் வலிக்கவில்லை. வலிக்காத புண்ணை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும். அந்தப் பெயரை உடையவர்கள் கோயில் வாசலில் தகரக் குவளையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வளர்ந்தவள் அவள்.

கஞ்சி கொட்டிய பிறகு தில்லைநாயகத்துக்குத் தெரிந்துவிட்டது. அவர் கெட்டவர் அல்ல. அடிக்கவில்லை, பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடவும் இல்லை. செங்கோட்டைச் சாலையோரத்துக் கொட்டகை ஒன்றுக்கு வியாழக்கிழமைதோறும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து ஜெபமலர் என்ற டாக்டரம்மாள் வந்து போவதைக் கேள்விப்பட்டு, அவரே கூட்டிக்கொண்டு போனார். ஆனால் வண்டியைக் கொட்டகைக்கு வெகுதூரம் முன்னாலேயே நிறுத்திவிட்டார். அவள் மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தாள்.

டாக்டர் தரையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து, அவள் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். குழல்வாய்மொழி பதறிப்போய்க் காலை இழுத்தாள்.

"படிச்சவுக நீங்க, என் காலைப் போயி மடியில வைக்கியளே!"

"தலை வலிக்குன்னு வந்திருந்தீங்கன்னா தலையப் பிடிச்சிருப்பேன். கால்லதான புண்ணு? குடுங்கம்மா இங்கன."

பஞ்சால் தொட்டார், ஊசியால் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு எங்கே தொடுகிறேன் என்று சொல்லச் சொன்னார். அவளால் சொல்ல முடியவில்லை.

"இது பாவத்துக்கு வந்ததில்லம்மா. கிருமியால வருது, அவ்வளவுதான். மாத்திரை ஒழுங்காத் தின்னா நிக்கும். உங்களுக்கு வந்திருக்கிற வகை அடுத்தவங்களுக்கு ஒட்டிக்கிறதும் இல்ல. ஆனா செத்துப்போன உணர்ச்சி திரும்ப வராது. இனிமே காலுக்கு வலி சொல்லத் தெரியாது, தினமும் நீங்கதான் கண்ணாலப் பாத்துக்கிடணும். புண்ணு ஆறுற வரைக்கும் நடக்கக் கூடாது. ஆறினப்புறம் செருப்பில்லாம வாசப்படி தாண்டக் கூடாது."

சொல்லிவிட்டு ஒரு ஜோடிச் செருப்பைக் கொடுத்தார். உள்ளே மெத்தென்ற ரப்பர், அடியில் மோட்டார் டயர், குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். அந்தச் செருப்பைப் பார்த்தாலே வழியில் போகிறவர்கள் ஒதுங்குவார்கள். அதை யார் போடுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தவிர, அந்தத் தெருவில் பெண்கள் எந்தச் செருப்பும் போடுவதில்லை. பள்ளிக்கூடத்து டீச்சரும் ஆஸ்பத்திரி நர்சும்தான் போட்டார்கள். அவர்களுக்குத் தெரு வைத்திருந்த பட்டப்பெயர் எழுதத் தகாதது.

"இத மாட்டிக்கிட்டு நீ தெருவுல நடந்தா, தண்டோராக்காரனக் கூப்பிட்டு அடிக்கச் சொன்ன மாதிரில்லா இருக்கும்" என்றார் தில்லைநாயகம். செருப்பு பழைய பேப்பரில் சுற்றப்பட்டுப் பரணுக்குப் போயிற்று. இரண்டு மூன்று வியாழக்கிழமை போனார்கள். வண்டிக்காரன், "அண்ணாச்சி, அங்கன யாருக்கு மேலுக்கு முடியல?" என்று கேட்ட அன்றோடு அதுவும் நின்றது.

அந்த ஆவணியில் செண்பகவல்லிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு புளியங்குடி, எலுமிச்சங்காய்க் கமிஷன் மண்டிக்காரர்கள். அவர்கள் பக்கம் சம்பந்தி நலங்கு என்று ஒரு வழக்கம். முகூர்த்தம் முடிந்ததும் மாப்பிள்ளையின் அத்தை, பெண்ணின் அண்ணன் மனைவியைப் பலகையில் உட்காரவைத்து, பாதத்தைப் பாலால் கழுவி, மஞ்சளும் செம்பஞ்சுக் குழம்பும் பூசுவாள். பிறகு இவள் அவளுக்குச் செய்ய வேண்டும். இரண்டு குடும்பமும் ஒன்றாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமாம். பெண் எடுக்கும் வீட்டின் குறை நிறைகளைக் காலைப் பிடித்துச் சோதிப்பதற்கு இதைவிட மரியாதையான ஏற்பாட்டை யாரும் கண்டுபிடித்துவிட முடியாது.

"காய்ச்சல்னு படுத்துக்கிடுதேனே" என்றாள் குழல்வாய்மொழி.

"அண்ணன் பொண்டாட்டி இல்லாத நலங்கா? என்ன காய்ச்சல், எத்தன நாளான்னு துருவித் துருவிக் கேப்பாவ. ஏட்டி, ஒருநா கூத்துதான். கால அழகாக்கிட்டாப் போதும், அப்புறம் வைத்தியத்தப் பாத்துக்கிடலாம்" என்றார் தில்லைநாயகம்.

யாரும் அவளைக் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. காலை அழகாக்குவதைத்தான் அவளும் விரும்பினாள். டாக்டரம்மாளின் கொட்டகை வாசலில் முகத்தை மூடிக்கொண்டு நின்றவள், குற்றாலத்துக்கு முகத்தைத் திறந்துகொண்டு போனாள்.

குற்றாலத்தில் சாரல் காலத்தில் மட்டும் உச்சிமாகாளி என்பவள் கடை போடுவாள். கொழும்பில் துரைசானிகளின் சலூன் ஒன்றில் இருந்து தொழில் பழகியவள். கீற்றுத் தடுப்புக்குள் ஒரு சாய்வு நாற்காலி, ஒரு பேசின், நுரைக்கல், சின்னக் கத்தி, நகத்துக்குச் சாயம். அருவியில் குளித்துவிட்டு வரும் பணக்கார வீட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாதத்தை அழகு செய்துகொண்டு போவார்கள். காலில் இருக்கும் கரடுமுரடெல்லாம் போய்விடும் என்று பேர்.

உச்சிமாகாளி பேசினில் வெந்நீர் ஊற்றிக் காலை அமுக்கினாள். "சூடு பொறுக்குதாக்கா?"

"பொறுக்குது." அவளுக்குச் சூடும் தெரியவில்லை, நீரும் தெரியவில்லை.

நுரைக்கல்லால் தேய்த்தாள். பெருவிரலுக்கு அடியில் குழியைச் சுற்றிக் காய்த்திருந்த தோலைக் கண்டாள். "கால் ஆணி போல இருக்கே. சீவி எடுத்துருதேன். வலிச்சாச் சொல்லுங்க."

"ம்."

கத்தி போட்டாள். மேலும் போட்டாள். "யம்மா, மத்தவளுவ தொட்டதுக்கே அருவி வரைக்கும் கேக்குற மாதிரி கத்துவாளுவ. உங்க காலு தங்கக் காலுக்கா, ஒரு முணுமுணுப்பு இல்ல!" என்று புகழ்ந்தாள். குழல்வாய்மொழி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பின்னாளில் அவள் அதிகம் கூசினாள். உச்சிமாகாளிக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

ரத்தம் கசிந்த இடத்தில் படிகாரம் வைத்து, அதன்மேல் மருதாணியை அப்பிக் கட்டிவிட்டாள். கட்டைப் பிரித்து, மேலே செம்பஞ்சும் பூசியபோது சிவந்து மழமழவென்று மணப்பெண் கால் போல இருந்தது. தில்லைநாயகம் பார்த்துவிட்டு, "இப்ப யாரு என்ன சொல்லிருவான்?" என்றார்.

கல்யாணத்தன்று அந்தக் காலோடு அவள் நிற்காமல் நடந்தாள். பந்தல் சரளையில் நடந்தாள், அடுப்பெரிந்த ஆக்குப்புரையில் நடந்தாள், நீர்க்குடத்தோடு மேளத்துக்குப் பின்னால் நடந்தாள். வலிக்கிற கால் என்றால் உட்காரச் சொல்லியிருக்கும்.

நலங்குக்குப் பலகையில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அத்தை பாதத்தைத் தாம்பாளத்தில் வைத்துப் பால் ஊற்றித் தேய்த்தாள். பால் சிவந்தது. மறுபடி ஊற்றினாள். இன்னும் சிவந்தது. அது சாயம் இல்லை என்று குழல்வாய்மொழிக்குத் தெரியும்.

அத்தை சுற்றி இருந்தவர்களைப் பார்த்து, "ஏ, செம்பஞ்சுன்னா இதுல்லா செம்பஞ்சு! நம்மூருல வாங்குதது ஒரு கழுவலுக்குத் தாங்காது. இது என்னமா ஊறுது பாருங்களேன்! எங்க வாங்கினிய மதினி?" என்றாள்.

"குத்தாலத்துல" என்றாள் அவள்.

பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி, அந்த ரத்தத்தை விரலால் தொட்டுத் தன் மகளின் பாதத்தில் பூசினாள். குழல்வாய்மொழி அதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தடுக்கவில்லை.

மறுவீடு முடிவதற்குள் காய்ச்சல் வந்துவிட்டது. கால் முழங்கால் வரை வீங்கிக் கருத்தது. மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது ஜெபமலர் காலில் சுற்றியிருந்த துணியைப் பிரித்துப் பார்த்தார். மருதாணிக்குள் எலும்பு தெரிந்தது. "செருப்பு எங்கம்மா?" என்று மட்டும் கேட்டார். குழல்வாய்மொழி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். உயிரைக் காப்பாற்ற இடது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நோயை மாத்திரை நிறுத்திவிட்டது. கால்தான் போய்விட்டது.

தெருவுக்கு என்ன சொல்வது? தில்லைநாயகம் பாம்பு கடித்துவிட்டது என்று சொன்னார். தெரு உடனே நம்பியது. கிருமி என்றால் கதவைச் சாத்தியிருக்கும் தெரு அது. பாம்பு என்றதும் பழத்தட்டோடு வந்தது. பொய்க்கு முட்டுக்கொடுக்க அவர் வெள்ளிக்கிழமை தோறும் புற்றுக்குப் பால் ஊற்றினார். கொஞ்ச நாளில், புற்றுச் சாமி நாகம்மாள் காலை மட்டும் எடுத்துக்கொண்டு உயிரோடு விட்டுவைத்த புண்ணியவதி இவள் என்று கதை பரவி, அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து அவளுடைய மிச்சமிருந்த வலது காலுக்கு மஞ்சள் பூசிக் கும்பிடத் தொடங்கினார்கள். வாய்ப்புக் கிடைத்தால் ஊனத்தையும் சாமியாக்கிவிடுகிற ஊரில், நோயாளிக்கு மட்டும் மனுஷியாக இருக்க இடம் கிடைக்கவில்லை. அவர்கள் குனியும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அது பக்தி என்று நினைத்தார்கள்.

அறுபத்தொன்றாம் வருஷம் புளியறையிலிருந்து குருவம்மாள் என்கிற நடவுக்காரி வந்தாள். முற்றத்துக்கு மேலே ஏறாமல் நின்றாள்.

"ஆச்சி, எனக்கும் நாக தோஷமாம். காலு மரக்கட்ட மாதிரி இருக்கு. நீங்க தொட்டுத் துன்னூறு போட்டாச் சரியாப்போகும்னு சொன்னாவ."

"காலத் தூக்கிக் காட்டு."

குதிகாலில் கருவேல முள் ஒன்று பாதி ஏறியிருந்தது.

"ஏட்டி, முள்ளு ஏறிக் கிடக்கே!"

"எங்கன ஆச்சி?" என்றாள் குருவம்மாள், இன்னொரு காலைப் பார்த்துக்கொண்டு.

செண்பகவல்லி புளியங்குடியில் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தாள். வாயைத் திறந்தால் என்னென்ன போகும் என்று குழல்வாய்மொழிக்குத் தெரியும். திறக்காவிட்டால் போகப் போவது எதிரே நின்றது. திருநீற்றுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள்.

"என்னப் பாம்பு கடிக்கல." நோயின் பெயரைச் சொன்னாள். "உனக்கும் அதாம்ட்டி. மாத்திர இருக்கு. இப்பமே போனாக் காலு மிஞ்சும்."

குருவம்மாள் சட்டென்று பின்னால் நகர்ந்தாள். "ஐயோ, அந்தச் சீக்கா உங்களுக்கு? தெரியாம வாசல்ல நின்னுட்டனே! எனக்கும் அதான்னு சொல்லுதியளே, வாயக் கழுவுங்க ஆச்சி!" அழுதுகொண்டே தெருவில் இறங்கி நடந்தாள், முள்ளோடு.

குழல்வாய்மொழி கட்டையை ஊன்றிக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் குருவம்மாள் தெரு முனையை நெருங்கிவிட்டாள். கத்தினால்தான் கேட்கும். கத்தினால் தெருவுக்கே கேட்கும்.

"ஏட்டி குருவம்மா! நில்லுட்டி! குஷ்டந்தாம்ட்டி எனக்கு! பாம்பில்ல! செம்பஞ்சப் பூசி மூடித்தான் கால இழந்தேன். வியாழக்கிழம நானும் கூட வருதேன், நில்லு!"

கதவுகள் திறந்தன. ஒவ்வொரு நடையிலும் ஆட்கள் வந்து நின்றார்கள். குருவம்மாள் நின்றாள். குழல்வாய்மொழி நிலையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லிவிட்ட நிம்மதி ஒன்றும் வரவில்லை. நடுத்தெருவில் சேலை அவிழ்ந்துவிட்டது போலத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு மஞ்சள் பூச யாரும் வரவில்லை. தண்ணீர் தூக்குகிறவள் குடத்தை வாசலிலேயே இறக்கிவைத்துவிட்டுப் போனாள். மதினி வளைகாப்புக்கு வர வேண்டாம் என்று புளியங்குடியிலிருந்து ஆள் வந்து சொல்லிப் போனான். தில்லைநாயகம் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

வியாழக்கிழமை கொட்டகையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றும் குழல்வாய்மொழி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டுதான் இருந்தாள். ஜெபமலர் முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். குருவம்மாள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மாட்டேன். ஆச்சி கால எடுத்தது இவுகதான? எனக்கும் எடுத்துருவாவ."

குழல்வாய்மொழி முந்தானையை விலக்கினாள்.

"குடுட்டி. நான் குடுக்க வேண்டிய நேரத்துல குடுக்கல, அதான் எடுத்தாவ. உன் கால இருக்க வைக்கதுக்குத்தான் கேக்காவ."