வேலைக்குப் போன சாமான்கள்

அருளப்பன் காலமான செய்தி, செவ்வாப்பேட்டை தபால் ஆபீசில் என் காதுக்கே போனில் வந்தது. ஊரார் சாவுச் செய்திகளையெல்லாம் அசராமல் தந்தியாக எழுதி அனுப்புகிறவன் நான். அன்று முடியவில்லை. வேலையைப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பினேன்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அறுபதுகளின் கடைசியில் அவர் அங்கே பஞ்சாயத்து கிளார்க். நான் தபால் கிளார்க். அவர் வயல்கூலி செய்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. நான் திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்த வீட்டுப் பிள்ளை. என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம், கடைசிவரை ‘சாமி’தான். ஆலைகள் வரத் தொடங்கிய காலம் அது. நிலம் கைவிட்டுப் போனவர்கள் ஏர், மரக்கால், அண்டா எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். இவர் அவற்றைக் கேட்டு வாங்கி, பஞ்சாயத்தின் காலி நெல் கிடங்கில் அடுக்கி, ‘ஊர்ச்சாமான் கூடம்’ என்று போர்டு மாட்டினார். சாயங்காலம் ஓட்டு இடுக்கில் வெயில் இறங்கும்போது சாமான்களெல்லாம் கண்ணயர்ந்த மாதிரி இருக்கும். நாங்களும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவோம்.

கூடம் திறந்து சில மாதங்களில் முனியம்மா என்ற அம்மாள், தான் கொடுத்த அண்டாவை மகள் சடங்குக்கு ஒருநாள் கேட்டு வந்தார். காட்சிக்கு வைத்ததைத் தருவதா என்று நான் முறைத்தேன். அருளப்பன் தூக்கிக் கொடுத்துவிட்டு, “பொழுதோட கொண்டாந்துடு” என்றார். காலி இடத்தில் ஒரு சிலேட்டை வைத்து, ‘வேலைக்குப் போயிருக்கு’ என்று எழுதினார். அதுவே வழக்கமாகிவிட்டது. உலகத்தில் எந்த மியூசியத்திலாவது இந்தக் கூத்து உண்டா? ஆனால் ஒரு சாமான்கூடத் தொலைந்ததில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எழுபதுகளில் அந்தக் கிடங்கை உர மூட்டை வைக்கக் கேட்டார்கள். அதிகாரி நேரில் வந்து பார்ப்பார், கூடம் உருப்படியாக இருந்தால் விட்டுவிடுவார் என்று பேச்சு. அவர் வந்த நாள் தை மாத முகூர்த்த நாள். காலையில் போய்ப் பார்க்கிறேன், அலமாரி முழுக்க சிலேட்டு! தலையில் அடித்துக்கொண்டேன். இன்றைக்கு ஒருநாள் இல்லை என்று சொல்லக்கூடாதா என்று கத்தினேன்.

“அவுங்க ஊட்டு அண்டா, சாமி. அவுங்க பொண்ணு கல்யாணத்துக்கே இல்லேன்னா, அத்த வச்சுக்கினு இன்னா பண்றது?” என்றார்.

அதிகாரி சிலேட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தார். “கூடம் இன்னிக்கு வெளியே இருக்குது சார், போய்ப் பாத்துடலாம் வாங்க” என்று அருளப்பன் அவரை அழைத்துப் போனார். நானும் பின்னாலேயே போனேன். பனி விலகாத காலை. புகைக்குள்ளே எங்கள் அண்டாவில் வெந்நீர் கொதித்தது. எங்கள் குத்துவிளக்கு மணமேடையில் எரிந்தது. ஆலைக்குக் கடைக்கால் தோண்டும்போது கிடைத்து எங்கள் கூடத்துக்கு வந்த ஆதிமனிதனின் கல்லாயுதம் ஒரு வீட்டில் ஊறுகாய் ஜாடிக்குப் பாரமாக உட்கார்ந்திருந்தது. அதிகாரி அதைத் தூக்கி உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். எங்கேயோ தூக்கத்தில் நடக்கிறோம் என்றே எனக்குத் தோன்றியது. பாயசம் குடித்துவிட்டு அவர் ஜீப் ஏறினார்.

கிடங்கு போய்விட்டது. சாமான்கள் அவரவர் வீட்டுக்கே திரும்பின. அருளப்பன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சிலேட்டுகளை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த அதிகாரிமேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. இவர்மேலும்தான். ஒருநாள், ஒரே ஒரு நாள் இல்லையென்று சொல்லியிருந்தால்!

அந்த நினைப்போடுதான் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். முற்றத்தில் முனியம்மாவின் அண்டாவில் அவரைக் குளிப்பாட்ட வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. தலைமாட்டில் அதே குத்துவிளக்கு. யாரும் சொல்லி அனுப்பவில்லை, ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொன்றாக வந்திருந்தன. கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் குழிக்குள் இறக்கியது, கிணற்றில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்த கவலை வடம். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

அவர் வீட்டுக்குத் திரும்பி வந்து, அவருடைய காலி நாற்காலியில் ஒரு சிலேட்டை வைத்து எழுதினேன்: ‘வேலைக்குப் போயிருக்கார்.’ அவர் மனைவி மரியம்மாள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பொழுதோட வந்துடச் சொல்லு சாமி” என்றார்.

சொல்லிவிட்டேன், அருளப்பன். போய் வாருங்கள்.