ஃபீபி மிஸ்ஸின் மணல்

ஆம்பூரில் ஃபீபி மிஸ் நடத்துவது ஒரு ப்ளே ஸ்கூல். பெயரில் இருக்கும் விளையாட்டு வாசலோடு நின்றுவிடும்.

பள்ளி தொடங்குவதற்கு முன் அவர் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தார். தையல் ஒரு நூல் விலகினாலும் அந்த ஜோடியைத் தூக்கி ஓரமாகப் போடுவதுதான் வேலை. அதில் அவருக்கு நல்ல பெயர். ஆட்குறைப்பில் வேலை போனதும் வீட்டின் கீழ்த்தளத்தைப் பள்ளியாக்கினார். வேலூரில் ஒரு மருத்துவமனை அலுவலகத்தில் வேலை பார்க்கும் கணவர் ரிச்சர்ட், "ஷூவும் பசங்களும் ஒண்ணா ஃபீபி?" என்று கேட்டார்.

"ரெண்டும் நேரா வரணும்" என்றார் ஃபீபி.

ஆரம்பத்தில் ஊஞ்சல், சறுக்குமரம், மணல்குழி எல்லாம் இருந்தன. தலையெல்லாம் மண் என்று பெற்றோர் புலம்பினார்கள். மணல்குழிக்கு சிமெண்ட் பூசப்பட்டது. ஒரு பையன் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டான், ஊஞ்சல் கழற்றப்பட்டது. புது வகுப்புக்கு இடம் போதவில்லை. சறுக்குமரம் பழைய இரும்புக்கடைக்குப் போனது. பெற்றோருக்கு ஒரே சந்தோஷம். மூன்று வயதுப் பிள்ளை ஆங்கிலத்தைக் கர்சிவ் கூட்டெழுத்தில் எழுதுவதை விருந்தாளிகளிடம் காட்டினார்கள். அதே பிள்ளைக்குப் படி இறங்க ஆள் வேண்டும் என்பதை மட்டும் காட்டவில்லை.

தோல் வியாபாரி நிசார் அஹமதின் மகன் அமீர்தான் ஃபீபி மிஸ்ஸுக்குப் பெரிய தலைவலி. அவன் அழுத்துகிற அழுத்தில் பென்சில் முனை தெறிக்கும். சட்டைக் காலரை எந்நேரமும் கடிப்பான். ஓடிப்போய்ச் சுவரில் மோதிவிட்டுச் சிரிப்பான்.

"பாய், இவனை நீங்க கொஞ்சம் கண்டிக்கணும்."

"வூட்லயும் அப்படித்தான் மிஸ். சோபா மேலருந்து குதிக்கிறான். இன்னா பண்றதுன்னே புரியல. ஒரே பேஜார்."

"செல்லம் ஜாஸ்தி. அதான்."

மற்ற பிள்ளைகளும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காராமல் மேசையில் சரிந்து கிடந்தார்கள். வளர்ப்புதான் சரியில்லை என்று முடிவுகட்டிய ஃபீபி மிஸ், அதைப் படித்தவர் வாயால் சொல்லவைக்க ஒரு பெற்றோர் கூட்டம் போட்டார். ரிச்சர்டின் மருத்துவமனையில் குழந்தைகளுக்குப் பயிற்சி தரும் தெரபிஸ்ட் எழிலரசி வந்தார்.

எழிலரசி உரை எதுவும் ஆற்றவில்லை. பிள்ளைகளை மேடைக்குக் கூப்பிட்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். பெற்றோர் முதலில் சிரித்தார்கள். தன் பிள்ளை சாய்ந்ததும் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள்.

"ஆனா எல்லாரும் நல்லா எழுதுவாங்க மேடம்" என்றார் ஃபீபி மிஸ்.

"விரல் எழுதணும்னா முதல்ல தோளும் முதுகும் உறுதியாகணுங்க. அதுக்கு ஏறணும், தொங்கணும், உருளணும். பென்சிலுக்கு இப்ப இன்னா அவசரம்?" என்ற எழிலரசி, அதற்குள் மேசையில் மோதிக்கொண்டிருந்த அமீரைப் பிடித்து நிறுத்தினார். "இவனைத் திட்டாதீங்க. கை கால்லருந்து வர்ற சேதி இவனுக்குக் கம்மியா எட்டுதுன்னு தோணுது. அதான் இடிக்கிறான், அழுத்துறான், கடிக்கிறான். வேலூருக்குக் கூட்டிட்டு வாங்க, முழுசா பார்த்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் தள்ள, தூக்க, தோண்ட விடுங்க. இங்க மணல் இருக்கா?"

பின்வரிசையில் ஓர் அம்மா மெதுவாகச் சொன்னார்: "இருந்துச்சு மேடம். நாங்கதான் மூடச் சொன்னோம்."

அன்று ஃபீபி மிஸ் சாப்பிடவில்லை. "உங்க ஆஸ்பத்திரி ஆளு என் மானத்தை வாங்கிட்டுப் போய்ட்டா" என்று ரிச்சர்டைப் பிடித்துக்கொண்டார். ஆனால் மானம் போன வேகத்திலேயே திரும்பியும் வந்தது. அந்த வாரமே வாசலில் பேனர் ஏறியது: 'ஆம்பூரின் முதல் சென்சரி லேப்!' தொட்டு உணரும் பயிற்சிக்கு ஏ.சி. அறை. ஆளுக்கொரு தட்டு. தட்டில் ஒரு கரண்டி வெள்ளை மணல். தொடுவதற்குக் கையுறை. கட்டணம் தனி.

அந்த அறையைக் கட்டுவதற்கு ஒரு லாரி மணல் வந்து முற்றத்தில் இறங்கியது. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டார்கள்.

முதலில் ஏறியது அமீர். பின்னாலேயே எல்லாரும். ஷூக்கள் பறந்தன. "இறங்குங்க! அது கட்டட மணல்!" என்று ஸ்கேலோடு ஓடிவந்தார் ஃபீபி மிஸ். யார் காதிலும் விழவில்லை. அமீர் கொத்தனாரின் இரும்புச் சட்டியில் மணலை நிரப்பி, முக்கி முனகித் தள்ளிக்கொண்டு போனான், கொட்டினான், திரும்பவும் நிரப்பினான். காலர் வாயில் இல்லை. அத்தனை நேரம் அவன் ஒரே வேலையில் இருந்து ஃபீபி மிஸ் பார்த்ததே இல்லை. ஸ்கேல் தானாகத் தாழ்ந்தது.

அவர் மனம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அவர் போனை எடுத்தார். பெற்றோர் குரூப்பில் வீடியோ போய்ச் சேர்ந்தது: 'இன்று நம் பள்ளியில் சென்சரி ஆக்டிவிட்டி.'

சாயங்காலம் நிசார் போன் செய்தார். "மிஸ், பையன் இன்னிக்கு அடம் பிடிக்காம சாப்ட்டான், தானா தூங்கிட்டான். தயவுசெஞ்சு அந்த மண்ணை எடுத்துடாதீங்க." மற்றவர்களும் அதையே கேட்டார்கள். கொத்தனாருக்கு வேறொரு லாரி மணல் இறக்க வேண்டியதாயிற்று.

அமீர் இப்போது வேலூருக்குப் பயிற்சிக்கும் போகிறான். சுவரில் மோதுவது குறைந்திருக்கிறது. பிள்ளைகள் தினமும் முற்றத்து மணலில் புரள்கிறார்கள். ஏ.சி. அறை அழுக்காகிவிடும் என்று சென்சரி லேப் பூட்டியே கிடக்கிறது. அதற்கான கட்டணம் மட்டும் பருவம் தவறாமல் வசூலாகிறது. திறந்து காட்டச் சொல்லும் பெற்றோரிடம், சாவி ரிச்சர்டிடம் இருக்கிறது என்கிறார் ஃபீபி மிஸ்.